சவரிமுத்துவின் காட்டு நம்பர்

போன மாதம் ஒரு புதன்கிழமை, சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரி முன்னால் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எனக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்று சத்தியம் செய்தேன்.

சிரிக்காதீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் தமிழில் வளவளவென்று எழுதுகிறாளே, அதே ஆள்தான். காகிதத்தில் கொஞ்சம் கௌரவமான வார்த்தைகளில் இருந்தது. ஆனால் விஷயம் இதுதான் — ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை, தெரியாமலே மொழிபெயர்த்துவிட்டேன், தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினார்கள்.

என்ன சொல் அது? புலவர்கள் மட்டும் புழங்குகிற சொல்லா? தடித்தடியான அகராதிகளைப் புரட்டித் தேட வேண்டிய சொல்லா? அப்படியிருந்தால் பரவாயில்லையே... ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொல். இரண்டே எழுத்து.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ரிங்லெட் என்ற இந்த மலையூரில் என் வீட்டுப் படியேறி யார் வந்தாலும் பெரும்பாலும் கையில் ஒரு ஃபாரம் இருக்கும். முப்பது வருடம் மலாய் டீச்சராக இருந்ததன் பலன். பென்ஷன் ஃபாரம், பள்ளிக்கூட ஃபாரம், அடையாளக் கார்டு ஃபாரம்... எல்லாம் டீச்சர் எழுதித் தருவார் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை. மறைப்பானேன்?

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை மார்த்தா வந்தாள். அவளுடைய மகள் என்னிடம் படித்தவள். மார்த்தாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கோலா தெர்லாவில் கோசும் தக்காளியும் போடுகிறாள். பழைய ஜீப் ஒன்றை அவளே ஓட்டி வருவாள். ஜீப் வாசலில் நின்றதும் கோழி எரு வாசனை முதலில் வீட்டுக்குள் வரும், மார்த்தா பின்னால் வருவாள்.

அன்று அவள் கையில் ஃபாரம் இல்லை. ஒரு பெரிய கூரியர் உறை இருந்தது.

"டீச்சர், எங்கப்பா எழுதுன லெட்டருங்க. மலாய்ல மாத்தித் தரணும். லேண்ட் ஆபீஸ்ல குடுக்கணும்."

அவளுடைய அப்பா பெயர் சவரிமுத்து. சேலம் பக்கத்து ஆள். இங்கே தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் வேலை செய்தவர். நடு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, கோலா தெர்லாவில் ஒரு சரிவில் காய்கறி போட ஆரம்பித்தார். அதற்கு அரசாங்க லைசென்ஸும் வாங்கியிருந்தார். நிலம் அரசாங்கத்துடையது, வருடத்துக்கு வருடம் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு பயிர் செய்யலாம். இந்த மலையில் பலருடைய கதை இதுதான்.

சில வருடம் ஒழுங்காகப் புதுப்பித்தார். பிறகு ஒரு மழையில் சரிவு இறங்கியது. வீட்டின் பின்பக்கச் சுவரும், காகிதங்கள் வைத்திருந்த டிரங்குப் பெட்டியும் மண்ணோடு போய்விட்டன. காகிதம் இல்லாமல் ஆபீசுக்குப் போய் நின்றால் நிலத்தையும் வாங்கிக்கொள்வார்களோ என்று மனிதர் பயந்துவிட்டார். போகாமலே இருந்துவிட்டார். பயிர் மட்டும் ஒரு பருவம்கூட நிற்கவில்லை. அவர் இறந்த பிறகு மார்த்தா செய்கிறாள்.

இப்போது அதே நிலத்துக்கு இன்னொருவர் மனுப் போட்டிருக்கிறார். பெரிய பண்ணைக்காரர். மனுப் போட அவருக்கும் உரிமை இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. விஷயம் தெரிந்து மார்த்தாவும் அலறியடித்துக்கொண்டு மனுப் போட்டாள். ஆபீசில் கேட்டது நியாயமான கேள்வி. உன் அப்பாவுக்கு லைசென்ஸ் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? அங்கே தொடர்ந்து பயிர் செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? அவர்களும் பழைய பதிவேடுகளில் பெயரை வைத்துத் தேடியிருக்கிறார்கள். சவரிமுத்து என்று ஒருவர் அகப்படவில்லை.

மார்த்தா சேலத்துக்குப் போன் போட்டாள். பெரியப்பா மகனிடம் கேட்டாள் — எங்கப்பா உங்களுக்கு எழுதிய கடிதம் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா?

கிடந்தது. இருபத்திரண்டு கடிதம்! அந்தப் பெரியப்பாவுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் ஒரு வளைந்த கம்பியில் குத்தி மாட்டிவைக்கிற பழக்கம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியும் கம்பியை யாரும் கழற்றவில்லை. அப்படியே எடுத்து அனுப்பிவிட்டார்கள். எல்லாம் நீல நிற ஏர் லெட்டர். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை.

"இது போதுமா டீச்சர்?"

"தாராளமாப் போதும்" என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்.

"கெடைக்கலன்னா எறங்கச் சொல்லிருவாங்க டீச்சர். வீடும் அங்கதான் இருக்கு, வேலையும் அங்கதான். நான் எறங்கற ஆளில்லலா. ஆனா சும்மா வீம்புக்கு நிக்க முடியாதுல்ல? காயிதம் வேணும்."

அவள் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். புது நாற்று வந்து இறங்குகிற நாளாம். நிலம் கையில் நிற்குமா என்றே தெரியவில்லை, இவள் அடுத்த பருவத்துக்கு நாற்று வாங்குகிறாள்! இந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. நானும் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் அந்தக் கடிதங்களோடுதான் இருந்தேன். சவரிமுத்து நன்றாக எழுதியிருந்தார். சுற்றிவளைக்காத எழுத்து.

'அண்ணே, இந்த மழைக்கு எங்க காட்டில் கோசு நன்றாக வந்திருக்கிறது.'

'காட்டை விட்டு இரண்டு வாரம் நகர முடியவில்லை. அதனால் கடிதம் தாமதம், கோபிக்க வேண்டாம்.'

'தோட்டத்து வேலையை விட்டது தப்பு என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் காடு போதும்.'

காடு வந்த இடத்தில் எல்லாம் 'ஹுத்தான்' என்று எழுதினேன். மலாயில் காட்டுக்கு அதுதானே சொல்? 'எங்க காடு' என்ற இடத்தில் என் திறமையைப் பார்க்க வேண்டும்! தமிழில் எங்க, நம்ம என்று இரண்டு இருக்கிறதல்லவா? மலாயிலும் அப்படியே இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் 'காமி', சேர்த்துச் சொன்னால் 'கித்தா'. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதில்தான் குழம்புவார்கள். நான் குழம்பவில்லை. 'ஹுத்தான் காமி' என்று அச்சுப் பிசகாமல் போட்டேன். கம்பி ஓட்டை விழுந்த இடங்களில் 'இங்கே ஒரு சொல் இல்லை' என்று நேர்மையாகக் குறிப்பும் போட்டேன். இல்லாத சொல்லுக்கெல்லாம் குறிப்புப் போட்டவள், இருந்த சொல்லில் கோட்டைவிட்டேன்.

காட்டில் கோசு எப்படி வரும் என்று உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்தில் இந்த மலையெல்லாம் காடுதானே, ஏதோ காட்டோரம் கொத்திப் போட்டிருப்பார்... தப்பான பாதையில் போகிறவர்களுக்குச் சமாதானம் மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பை மார்த்தா கொண்டுபோய்க் கொடுத்தாள். படித்துப் பார்த்தாளா? இல்லை. டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

பத்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. நில அலுவலகத்திலிருந்து புவான் நோரா; புவான் என்றால் மலாயில் திருமதி. இந்த மனுக்களைப் பார்க்கும் அதிகாரி. என் பழைய மாணவி! இன்னும் என்னைச் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுகிறாள். டீச்சர் என்பதற்கு மலாய்ப் பிள்ளைகள் சொல்வது.

"சிக்கு, நீங்கள் எழுதிய மலாய் ரொம்ப அழகாக இருக்கிறது" என்றாள் மலாயில்.

நான் பூரித்துப்போனேன்.

"ஆனால் இந்தக் கடிதங்கள் அந்த அம்மாவுக்கு உதவவில்லை. எதிராகப் போகின்றன."

பூரிப்பு இறங்கியது. என்ன சொல்கிறாய் என்றேன்.

"காட்டைத் திருத்தினேன், காட்டில் நட்டேன், காட்டில் அறுத்தேன் என்று இருபத்திரண்டு கடிதத்திலும் அவரே ஒப்புக்கொள்கிறார். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் புகுந்தவர் என்றுதானே நான் எடுத்துக்கொள்ள வேண்டும்? 'காட்டு நம்பர்' என்று ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார். அதையும் விடாமல் காட்டு வரைபடத்தில் தேடினேன். அப்படி ஒரு நம்பரே அதில் இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். வேறு எந்தச் சலுகையும் என்னால் செய்ய முடியாது, சிக்கு."

உதவி கேட்டு வந்தவளுக்கு நான் தூக்குக் கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறேன்! உடனே மார்த்தாவைக் கூப்பிட்டேன். காற்று இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் விட்டு விட்டு வந்தது.

"டீச்சர், நான் காட்டுல இருக்கேன்லா. லைன் கெடைக்கல. அப்பறமா கூப்புடுங்க..."

கட் ஆகிவிட்டது.

காட்டிலா? இந்த நேரத்தில் இவளுக்குக் காட்டில் என்ன வேலை? ஆபீசில் காட்டை அழித்த கேஸ் என்கிறார்கள், இவள் போய்க் காட்டுக்குள் நிற்கிறாள்! எவனாவது போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டால்...? என் வீட்டுக்காரரைக் கிளப்பி, காரை எடுக்கச் சொன்னேன். நடுவில் திரிங்காப்பில் காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நான் காருக்குள்ளேயே குதித்துக்கொண்டிருந்தேன். "நீ குதிச்சா லாரி நகருமா?" என்றார் அவர். நகரத்தான் இல்லை.

ஒரு வழியாகக் கோலா தெர்லா போய்ச் சேர்ந்தோம். ஜீப் நின்ற இடத்திலிருந்து சரிவில் இறங்கினேன். மார்த்தா எந்த மரத்தடியிலும் இல்லை. முழங்கால் உயரக் கோசு வரிசைகளுக்கு நடுவில் நின்று, தண்ணீர்க் குழாயை இன்னொரு குழாயோடு இணைத்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுல இருக்கேன்னு சொன்னியேம்மா?"

"ஆமா டீச்சர்."

"எந்தக் காடு?"

மார்த்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வந்ததில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். ரப்பர் கையுறை போட்ட கையைச் சுற்றி வீசிக் காட்டினாள்.

"இந்தக் காடுதான். எங்க காடு."

பார்த்தேன். கோசு. அதற்கு அப்பால் தக்காளி. அதற்கு அப்பால் புது நாற்று. ஒரு மரம் கிடையாது.

"இதையா காடுன்னு சொல்வீங்க?"

"வேற எப்டி டீச்சர் சொல்றது? வெதச்சு வெள்ளாம வெக்கிறது காடு." அப்புறம் மேலே, மேகம் தொட்டுக்கொண்டிருந்த மரக்கூட்டத்தைக் காட்டினாள். "அதுதான் ஹுத்தான்."

அப்படியே ஒரு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்தவர். நான் கடைத்தெருவில் வளர்ந்தவள். எனக்குக் காடு என்றால் மரம், புலி, பயம். சேலம் பக்கத்து ஆட்களுக்குக் காடு என்றால் உழுது பயிர் செய்கிற மேட்டு நிலம். இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? இத்தனை வருடம் இதே மலையில் இருக்கிறேன். 'காட்டுக்குப் போறேன்' என்று எத்தனை பேர் என்னிடமே சொல்லியிருப்பார்கள்! விறகு பொறுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் வீம்பு விடவில்லை. "தோட்டம்னு எழுதியிருக்கலாமே உங்கப்பா? காய்கறித் தோட்டம்னு?"

"தோட்டமா?" மார்த்தா குழாயைக் கீழே போட்டாள். "தோட்டம்னா அது தொரையோடது டீச்சர். தேயில. தோட்டம்னா காலைல பெரட்டுல வரிசையா நிக்கணும், கிராணி பேர் கூப்புடணும், கங்காணி வையணும். எங்கப்பா அதெல்லாம் வேணாம்னுதான் வெளிய வந்தாரு. சொந்தமா கொத்துன மண்ணுக்குப் போயி தோட்டம்னு பேர் வெப்பாரா? தோட்டம் அவங்களோடது. காடு எங்களோடது."

'எனக்குக் காடு போதும்.' அந்த வரி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு மலாய் இலக்கணம் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன். போன் வந்தது, புவான் நோரா சொன்னது, நான் எழுதியது, எல்லாம்.

"அப்ப எங்கப்பா ஹுத்தான அழிச்சாருன்னா எழுதிக் குடுத்துருக்கீங்க?"

"ஆமா."

"இருவத்திரெண்டு லெட்டர்லயுமா?"

"ஆமாம்மா."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஒரு கோசின் வெளி இலையைப் பிய்த்து, அதைத் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

"எங்கப்பா ஒரு மரத்த வெட்டுனதில்ல டீச்சர். காயிதம் கையில வந்தப்பறந்தான் மம்பட்டியவே எடுத்தாரு. கோயில் பணம் மாதிரி பாத்துக்கிட்டாரு இந்த மண்ண. அவரப் போயி திருட்டுத்தனமா..."

கிழித்த இலையை வரப்பில் எறிந்தாள். எனக்கு அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். ஒரு நல்ல மனிதரின் கடிதங்களை எடுத்து, அவரையே குற்றவாளியாக்கி, அழகான மலாயில் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அழலாம் போலிருந்தது. அழுதால் வியாழக்கிழமை தள்ளிப்போகுமா?

"மாத்திரலாம்" என்றேன்.

"மாத்தியே ஆகணும்" என்றாள் மார்த்தா. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வாங்க. லெட்டர் எல்லாம் இருக்கு. நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க. இன்னைக்கே."

நடு மத்தியானம். அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்தோம். எனக்கு இப்போது எந்தச் சொல்லின் மேலும் நம்பிக்கை இல்லை. மழை என்றால் மழைதானா? அறுப்பு என்றால் அறுப்புதானா? வரிக்கு வரி கேட்டேன். நாலாவது கடிதத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"தண்ணின்னா தண்ணிதான் டீச்சர்!"

என் வீட்டுக்காரர் அறையின் மூலையில் இருந்து சிரித்தார். நான் முறைத்தேன். தொடர்ந்து எழுதினோம்.

பதினான்காவது கடிதம். மார்த்தா படித்துக்கொண்டே வந்தாள். 'அண்ணே, காட்டு நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். எங்களிடம் இருக்கும் காகிதத்தைக் கரையான் தின்றாலும் மழை கொண்டுபோனாலும், நம்பர் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.' கடிதத்தின் மடிப்போரத்தில், பேனாவை அழுத்திப் பிடித்து எழுதிய நம்பர்.

இதைத்தான் நான் 'நொம்போர் ஹுத்தான்' என்று போட்டிருந்தேன். காட்டு நம்பர். புவான் நோராவும் பாவம், அதைக் காட்டு வரைபடத்தில் போய்த் தேடியிருக்கிறாள்.

மார்த்தா படிப்பதை நிறுத்தினாள். நான் எழுதுவதை நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது.

"டீச்சர்... இது லைசென்ஸ் நம்பர்லா!"

மழை கொண்டுபோனது. ஆனால் மனிதர் முன்கூட்டியே சேலத்தில் ஒரு கம்பியில் மாட்டிவைத்துவிட்டார். பிறகு அதை அவரே மறந்துவிட்டிருக்கிறார். மகளிடமும் சொன்னதில்லை.

இருபத்திரண்டையும் மூன்று நாளில் முடித்தேன். 'ஹுத்தான்' எல்லாம் 'கெபுன்' ஆனது. பயிர் நிலத்துக்கு மலாயில் அதுதான். ஆனால் சும்மா மாற்றிக் கொடுத்தால் போதுமா? மாற்றியது ஏன் என்று கேட்பார்களே? அதனால்தான் அந்தப் புதன்கிழமைச் சத்தியம். காகிதத்தில் என் பெயர், என் வேலை, எத்தனை வருடம் மலாய் சொல்லிக்கொடுத்தேன் என்பதெல்லாம் எழுதி, அதற்குக் கீழேயே என் அறியாமையையும் எழுதினேன். "கொஞ்சம் பூசி மெழுகி எழுதேன்" என்றார் என் வீட்டுக்காரர். மாட்டேன் என்றுவிட்டேன். சவரிமுத்துவைப் பற்றி எழுதும்போது நான் எதையும் பூசி மெழுகவில்லையே!

மறுநாள் வியாழக்கிழமை. மார்த்தா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் புவான் நோரா. பண்ணைக்காரரின் ஆள் ஒருவரும் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்.

நோரா இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சிக்கு, போன வாரம் இது காடு. இந்த வாரம் இது பயிர் நிலம். நான் எதை நம்புவது?"

"இப்போது மாற்றுவது இவர்களுக்கு வசதியாக இருக்கிறது" என்றார் பண்ணைக்காரரின் ஆள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சத்தியக் காகிதத்தை நீட்டினேன். நோரா படித்தாள். படித்துக்கொண்டே ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையின் கட்டுரை நோட்டில் நான் எத்தனை சிவப்புக் கோடு போட்டிருப்பேன்! ஒரு கோடுகூட இன்று திரும்பி வரவில்லை. மரியாதையாக மடித்து வைத்தாள்.

"இது உங்கள் நேர்மைக்கு ஆதாரம். நிலத்துக்கு ஆதாரம் வேண்டும்."

அப்போது மார்த்தா வாயைத் திறந்தாள். அவளுடையது சந்தையில் கற்ற மலாய். இலக்கணம் கிடையாது, பயமும் கிடையாது.

"புவான், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஹுத்தானுக்கு யாராவது கோழி எரு போடுவாங்களா? ஏழாவது லெட்டரப் பாருங்க. எட்டு மூட்டை போட்டிருக்காரு எங்கப்பா."

பண்ணைக்காரரின் ஆளே சிரித்துவிட்டார். அவரும் கோசு போடுகிற கூட்டத்து ஆள்தானே.

பிறகு பதினான்காவது கடிதத்தைக் காட்டினேன். இந்த நம்பரைக் காட்டு வரைபடத்தில் தேடாதே, பழைய லைசென்ஸ் பதிவேட்டில் தேடு என்றேன். நோரா நம்பரைக் குறித்துக்கொண்டு உள்ளே போனாள்.

உட்கார்ந்திருந்தோம். சுவர்க் கடிகாரம் இருந்தது, நான் பார்க்கவில்லை. மார்த்தா ஜெபமாலையைப் பிடித்திருந்த கையால் என் கையையும் பிடித்துக்கொண்டாள்.

நோரா ஒரு தடித்த பதிவேட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. எங்கள் பக்கம் திருப்பி வைத்து, விரலால் காட்டினாள். அதே நம்பர். இடம், கோலா தெர்லா. பயன்பாடு, கெபுன் சாயோர் — காய்கறி நிலம். பெயர்?

'சாபாரி மூட்டு.'

எந்தக் காலத்து ஆபீஸ் கிராணியோ காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பெயரை வைத்துத் தேடினால் எப்படி அகப்படும்? மார்த்தா அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

"முடிவு குழுவுடையது" என்றாள் நோரா. "ஆனால் இது போதுமான ஆதாரம் என்று நான் எழுதுவேன்."

வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. கஷ்டமான சொல் வந்தால் நாம் எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். அகராதியைத் தேடுகிறோம், நாலு பேரைக் கேட்கிறோம். சுலபமான சொல்லை யார் கேட்கிறார்கள்? வீடு, காடு, சோறு, உறவு... எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. காலை வாரிவிடுவது இவைதான். பாதிச் சண்டைகளை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று வாரம் போனது. நடுவில் நான் மார்த்தாவைக் கூப்பிடவில்லை, தைரியம் வரவில்லை. இந்தத் திங்கட்கிழமை காலை அவளே கூப்பிட்டாள்.

"டீச்சர்."

"சொல்லும்மா."

"வந்துருச்சு டீச்சர்."

அவள் பின்னால் காற்றும், தூரத்தில் ஒரு லாரி ஏறுகிற சத்தமும் கேட்டன. லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவள் பெயர். அதன் பக்கத்தில் அப்பா பெயர், இந்த முறை எழுத்துப் பிழை இல்லாமல். பயன்பாடு, கெபுன் சாயோர். அந்த வரியை நான் கேட்காமலே இரண்டாம் தடவையும் படித்தாள்.

"சனிக்கெழம கோசு வெட்டுறோம். நீங்களும் சாரும் கண்டிப்பா வரணும்."

"எங்கம்மா வரணும்?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"எங்கயா? நம்ம காட்டுக்குத்தான் டீச்சர்!"

எங்க இல்லை. நம்ம. காமி இல்லை. கித்தா.

இந்த ஒரு சொல்லை மட்டும், யாரையும் கேட்காமல், சரியாகவே மொழிபெயர்த்துக்கொண்டேன்.